சமரச மையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போகலாமா?

போன மாதம் இந்தப் பகுதியில், பிரிந்து வாழும் ஒரு தம்பதியின் பிள்ளைக்கு யார் பள்ளிக் கட்டணம் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் எழுதினேன். அதில் "கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு முன்னால் சமரச மையத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் குவிந்துவிட்டன. நான் இருபது வருஷத்துக்கு மேல் வக்கீல், அதில் பாதிக் காலம் சமரசராகவும், அதாவது இரண்டு தரப்பையும் பேச வைக்கும் நடுநிலையாளராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வந்தவற்றில் ஆறு கடிதங்களுக்கு இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர் தவிர மற்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருஷம். பையனுக்கு ஏழு வயசு, பொண்ணுக்கு நாலு. ஒன்றேகால் வருஷமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் திருப்பூரில் துணி தைக்கும் பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். நான் ஜீவனாம்சம் கேட்டுக் கேஸ் போட்டேன், அவர் விவாகரத்து கேட்டுப் போட்டார். இப்போது கோர்ட்டில் சமரச மையத்துக்குப் போங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். போனால், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொண்டு சேர்ந்து வாழம்மா" என்று புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்களா? மகளிர் ஸ்டேஷனிலும் அதைத்தான் சொன்னார்கள், ஊர்ப் பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.
வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் ஊரில் "பேசித் தீர்த்துக்கொள்" என்றாலே "நீ இறங்கிப் போ" என்றுதான் பெண்ணின் காதில் விழுகிறது, ஏனென்றால் பல வருஷங்களாக அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் சமரச மையத்தில் நடக்க வேண்டியது அது இல்லை. அங்கே இருப்பவருக்கு உங்களைச் சேர்த்து வைக்கும் வேலையும் கிடையாது, பிரித்து வைக்கும் வேலையும் கிடையாது. அவர் நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் கையெழுத்துப் போடாத எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, வழக்கை விசாரிக்கும் முன் சமாதானத்துக்கு முயற்சி செய்ய வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. அதற்காகத்தான் குடும்ப நீதிமன்றங்களில் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவுன்சலிங்கில் 'சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா' என்ற கேள்வி வரும், வந்தால் தவறும் இல்லை. 'இல்லை' என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். சமரச மையம் வேறு. தமிழ்நாட்டில் இது 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்று நாட்டிலேயே முதலில் வந்தது அதுதான். இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் இருக்கிறது. 2013இல் சீனிவாச ராவ் எதிர் தீபா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி வழக்குகளைக் குடும்ப நீதிமன்றங்கள் சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று சொன்னது, அதன் பிறகு இப்படி அனுப்புவது ரொம்பவே சாதாரணமாகிவிட்டது. ஆகவே உங்கள் வழக்கு பலவீனமானது என்பதால் அனுப்பவில்லை, எல்லோரையும்தான் அனுப்புகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? முதலில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து விதிமுறையைச் சொல்வார். அப்புறம் உங்களிடம் தனியாக, அவரிடம் தனியாகப் பேசுவார். தனியாகச் சொன்னதை, நீங்கள் சரி என்று சொன்னால் ஒழிய, அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார். வக்கீலைக் கூட வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் அனுப்பிய வழக்கு என்பதால் சமரசருக்கு நீங்கள் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஒத்துவரவில்லையா, கோப்பு நின்ற இடத்துக்கே திரும்பப் போகும், அங்கிருந்து வழக்கு நடக்கும். இழப்பு என்று பார்த்தால் இரண்டு மூன்று வாய்தா அளவு நாட்கள்தான்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் ஒரு மாதச் செலவை எழுதுங்கள். வாடகை, அரிசி, பால், பையனின் வேன் கட்டணம், பொண்ணுக்குச் சளி பிடித்தால் ஆகும் மருந்துச் செலவு, கேஸ் சிலிண்டர், எல்லாம். ஜூன் மாதத்தில் புத்தகம், சீருடை, ஷூ என்று ஒரே அடியாக விழுமே, அதைத் தனியாக எழுதுங்கள். 'மாசம் பதினைந்தாயிரம் வேணும்' என்று மொட்டையாகக் கேட்டால் எதிர்ப் பக்கம் பத்து என்று ஆரம்பிக்கும், இடையில் எங்கோ போய் நிற்கும். செலவுக் கணக்கை மேஜையில் வைத்தால் ஒவ்வொரு வரியையும் பார்த்து 'இது வேண்டாம்' என்று அவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும். தன் பிள்ளையின் வேன் கட்டணத்தை வேண்டாம் என்று சொல்ல முடிந்த அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை.

பவர் டேபிள் யூனிட் என்றால் வருமானம் பெரும்பாலும் ரொக்கம், கணக்கில் வராது, அதை வைத்துத்தான் 'எனக்கு மாசம் எட்டாயிரம்தான் நிற்கிறது' என்பார்கள். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பத்திரம் தாக்கலாகிவிட்டதா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஆகியிருந்தால் அதன் நகலோடு சமரசத்துக்குப் போங்கள். எத்தனை மிஷின் ஓடுகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கரண்ட் பில் எவ்வளவு, இதெல்லாம் ஒன்பது வருஷம் கூட இருந்த உங்களுக்குத் தெரியாதா என்ன.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. அதனால் 'இனிமேல் தருகிறேன், பழசை மறந்துவிடு' என்று சொன்னால், மறப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் எவ்வளவு தொகையை மறக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மேடம், எனக்கும் என் மனைவிக்கும் விவாகரத்து வழக்கு நடக்கிறது. என் மகளுக்கு ஐந்து வயது. சனிக்கிழமைகளில் கோர்ட் வளாகத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று உத்தரவு. முதலில் ஓடி வந்து கட்டிக்கொள்வாள், இப்போது ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறாள். பல வாரம் 'பொண்ணு வர மாட்டேங்குறா' என்று கூட்டி வருவதே இல்லை. உத்தரவை மீறினார் என்று மனுப் போடலாம் என்கிறார் என் வக்கீல். நான் சமரசத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். அப்படிக் கேட்டால் பலவீனம் என்று நினைப்பார்களா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போங்கள். நாளைக்கே கேளுங்கள். பிள்ளையைப் பார்க்கும் விஷயத்துக்குச் சமரசத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, இதை நான் வழக்கு நடத்தும் வக்கீலாகவும் சேர்த்தேதான் சொல்கிறேன். ஒரு நீதிபதி ஒரு நாளைக்கு எத்தனை வழக்கைப் பார்க்கிறார், அவரால் 'சனிக்கிழமை இரண்டு முதல் நான்கு வரை' என்று எழுத முடியுமே தவிர, உங்கள் மகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் தூக்கம் வரும், பாட்டு கிளாஸ் இருக்கிறது, பேருந்தில் வந்தால் வாந்தி எடுப்பாள் என்பதெல்லாம் எப்படித் தெரியும்? அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

கோர்ட் வளாகத்தில் குழந்தையைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெஞ்சு, கறுப்புக் கோட்டுகள், யாரோ அழுகிறார்கள், யாரோ கத்துகிறார்கள், அந்த நடுவில் ஐந்து வயதுக் குழந்தையிடம் 'அப்பாகிட்ட பேசு' என்றால் அது என்ன பேசும். செல்போனுக்குள் போவதுதான் அதற்குத் தெரிந்த வழி. அவள் உங்களை வெறுக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுடைய அம்மா தூண்டிவிடுகிறார் என்றும் உடனே முடிவுக்கு வராதீர்கள், சில சமயம் தூண்டிவிடுவதும் உண்டு, ஆனால் நான் பார்த்த வரையில் பாதி நேரம் பிள்ளைக்கு அந்த இடம்தான் பிடிக்கவில்லை.

சமரசத்தில் என்ன கேட்பது? 'என் உரிமை' என்று ஆரம்பிக்காதீர்கள். இடத்தை மாற்றுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வ.உ.சி. பூங்கா, அவளுடைய தாய்மாமன் வீட்டு மொட்டை மாடி, உங்கள் அக்கா வீடு, எது இரண்டு பக்கத்துக்கும் சரிப்படுமோ அது. முதல் இரண்டு மாதம் அம்மாவோ பாட்டியோ கூட இருக்கட்டும், அப்புறம் ஒரு முழு நாள், அப்புறம் ஒரு இரவு தங்கல் என்று படிப்படியாக எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாள் இரவு ஏழரைக்கு வீடியோ கால், பத்து நிமிஷம். போன் அம்மா கையில் இருக்கிறதா, பாட்டி கையில் இருக்கிறதா என்பது வரைக்கும் எழுதுங்கள், சிரிக்காதீர்கள், அதில்தான் அடுத்த சண்டை வரும்.

தீபாவளி ஒரு வருஷம் அங்கே, பொங்கல் இங்கே, அடுத்த வருஷம் மாற்றி. மே மாத விடுமுறையில் எத்தனை நாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு பேரும் வரலாமா, வந்தால் எங்கே உட்காருவது. காய்ச்சல் வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் தகவல் சொல்வது. பாஸ்போர்ட் எடுக்க அப்பா கையெழுத்து வேண்டியிருந்தால் எத்தனை நாளுக்குள் போட்டுக் கொடுப்பது. பள்ளியை மாற்றினால், ஊரை மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா. ரேங்க் கார்டின் நகல் உங்களுக்கு வருமா. இவ்வளவும் எழுதிய ஒப்பந்தங்கள் ஏழெட்டுப் பக்கம் வரும், ஆனால் அவைதான் நிற்கின்றன. 'வசதிப்பட்டபோது தகப்பன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒற்றை வரியில் எழுதியவை ஆறு மாதத்தில் திரும்ப என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

ஒரு சம்பவம் சொல்கிறேன், விவரங்களை மாற்றித்தான். பணம், வீடு, நகை எல்லாம் பேசி முடிந்துவிட்டது, ஒரே ஒரு விஷயத்தில் நின்றது. குழந்தைக்குக் காது குத்தவில்லை. அப்பா வீட்டார், 'எங்கள் குலதெய்வம் கோயிலில்தான் குத்த வேண்டும், இல்லையென்றால் கையெழுத்தே கிடையாது' என்றார்கள். அம்மா பக்கம், 'நீங்கள் யாருமே வராத இடத்தில்தான் குத்துவோம்' என்றார்கள். இரண்டு அமர்வு இதிலேயே போனது. கோர்ட்டில் இதற்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கிறதா சொல்லுங்கள், எந்த மனுவில் இதைக் கேட்க முடியும்? தனியாகப் பேசும்போது அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார், 'அவங்க கோயில்னா என் அண்ணன் மடியில உட்கார வைக்க விட மாட்டாங்க, அவனை அசிங்கப்படுத்துவாங்க.' அதை அந்தப் பக்கம் சொல்லட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார். சொன்னேன். கணவரின் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம், 'தாய்மாமன் மடி இல்லாம எங்க வீட்டுல யாருக்கும்மா காது குத்தினோம்' என்றார். குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் குத்துவது என்று எழுதினோம். மொட்டை, விருந்துச் செலவு அப்பா, தோடு தாய்மாமன். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம், ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் மானப் பிரச்சினையாக இருந்தது, அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு இடம் தேவைப்பட்டது.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. இடைக்கால ஜீவனாம்சத்தை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'பிள்ளையைக் காட்டினால் பணம்' என்பதும், 'பணம் வந்தால் பிள்ளை' என்பதும் இரண்டுமே தப்பு, சட்டமும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. பாக்கி இருந்தால் சமரசத்துக்குப் போவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தால் அந்த அறையின் காற்றே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என் மகளுக்கு நாற்பது பவுன் நகையும், பைக்கும், வீட்டுச் சாமான்களும் போட்டுத்தான் கட்டிக் கொடுத்தேன். மூன்றே வருஷத்தில் பிரிந்துவிட்டார்கள். நகையைத் திருப்பிக் கேட்டு நான் நோட்டீஸ் விடலாமா? ஊரில் பஞ்சாயத்துப் பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி அத்துவிட்டுவிடலாம், கோர்ட்டுக்கு ஏன் போகிறாய் என்கிறார்கள். சமரச மையமும் அதே பஞ்சாயத்துதானே?
வாசகர், மன்னார்குடி

பதில்: ஐயா, முதலில் பத்திரத்தைப் பற்றி. தயவுசெய்து வேண்டாம். அந்த இருபது ரூபாய் பத்திரத்தால் கல்யாணம் முறிந்துவிடாது. சாதி வழக்கப்படி மணமுறிவு உண்டு என்று சொல்வோர் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்திரத்தை நம்பி உங்கள் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தால், நாளைக்கு 'முதல் கல்யாணம் இன்னும் இருக்கிறது' என்று யாராவது கிளம்பினால் அவள் வாழ்க்கை இரண்டாவது தடவையும் நடுத்தெருவுக்கு வரும். இப்படி வந்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமரச மையமும் பஞ்சாயத்தும் ஒன்றா என்றால், பேசுவது என்பது மட்டும்தான் ஒன்று. பஞ்சாயத்தில் முடிவு சொல்பவர் ஊர்க்காரர், யாருக்குச் செல்வாக்கோ அந்தப் பக்கம் சாய்வார், உங்கள் மகளை நடுவில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாததைக் கேட்பார்கள், அபராதம் போடுவார்கள். சமரச மையத்தில் கதவு மூடியிருக்கும். முடிவை உங்கள் மகளும் அவள் கணவரும் எடுப்பார்கள். எழுதிக் கையெழுத்தானது நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி படித்துப் பார்த்து அதன்படி உத்தரவு போடுவார். அந்த உத்தரவை மீறினால் நிறைவேற்று மனு, அதாவது உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் மனுப் போடலாம். பஞ்சாயத்துப் பத்திரத்தை மீறினால் யாரிடம் போவீர்கள்?

நகை விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அது சீதனம், அது முழுக்க உங்கள் மகளுடைய சொத்து. 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில், கேரளத்திலிருந்து போன 89 பவுன் நகை வழக்கு ஒன்றில், சீதனம் கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து ஆகாது என்று மறுபடியும் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே வருஷம் ஆகஸ்டில் தெலங்கானாவிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மகள் அதிகாரம் தராதபோது தகப்பன் அந்த நகையைத் திருப்பிக் கேட்க முடியாது என்றும் தெளிவாக்கியது. போட்டது நீங்கள்தான், கடன் வாங்கிப் போட்டிருப்பீர்கள், ஆனால் கேட்க வேண்டியவள் அவள். ஆகவே நோட்டீஸ் உங்கள் பெயரில் வேண்டாம்.

சமரசத்துக்குப் போகும்போது அவளிடம் நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம், வங்கி லாக்கர் விவரம், அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டு எல்லாம் இருக்கட்டும். ஆல்பத்தில் ஒவ்வொரு நகையையும் காட்டி, ஆரம், நெக்லஸ், வளையல் எத்தனை என்று பட்டியல் போட்டுவிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். நகையாகத் திரும்ப வருகிறதா, பணமாகவா என்று எழுதும்போது, பணம் என்றால் எந்தத் தேதியின் தங்க விலை என்று எழுதாவிட்டால் நஷ்டம் உங்கள் மகளுக்குத்தான், விலை போகிற போக்கு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஐயா, சமரச அறைக்குள் அவளைப் பேச விடுங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். அவள் கூப்பிட்டால் போங்கள்.

கேள்வி: சமரசத்தில் நான் மனம் விட்டு ஏதாவது ஒப்புக்கொண்டால், ஒத்துவராமல் போனபின் அதையே கோர்ட்டில் எனக்கு எதிராகச் சொல்வார்களா?
வாசகர், சென்னை

பதில்: சொல்லக் கூடாது. சமரசர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கையில் 'உடன்பாடு ஏற்பட்டது' என்றால் ஒப்பந்தம் இருக்கும், இல்லையென்றால் 'உடன்பாடு ஏற்படவில்லை' என்ற ஒரு வரிதான் இருக்க வேண்டும். யார் என்ன சொன்னார், யார் பிடிவாதம் பிடித்தார் என்பது அதில் வரக்கூடாது என்று 2010இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சமரசரைச் சாட்சியாகவும் கூப்பிட முடியாது. நீங்களும் அங்கே நடப்பதைச் செல்போனில் பதிவு செய்யாதீர்கள், வெளியே வந்து வாட்ஸ்அப்பில் குடும்பம் முழுக்க அனுப்பாதீர்கள்.

கேள்வி: அக்கா, அவர் என்னை அடிப்பார். ஒரு தடவை கை உடைந்தது. இப்போதும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறார். சமரசத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு வாயே வராது, என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். போகாமல் இருக்கலாமா?
வாசகி, விழுப்புரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதில்களில் நடுவில் வைத்திருக்கிறேனே தவிர மனசில் இதுதான் முன்னால் நிற்கிறது. 'என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவேன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இது சமரசத்துக்கு ஏற்ற வழக்கு இல்லை, இப்போதைக்கு இல்லை. இரண்டு பேரும் பயமில்லாமல் 'முடியாது' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தால்தான் சமரசம் சமரசமாக இருக்கும். ஒருவருக்குப் பயம் என்றால் அங்கே எழுதுவது மற்றவர் சொல்கிறதைத்தான்.

நோட்டீஸை அலட்சியம் செய்து போகாமல் இருக்காதீர்கள், வராதவர் என்று பதிவாகும். உங்கள் வக்கீல் மூலமாக நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுங்கள், வன்முறை நடந்திருக்கிறது, சிகிச்சைச் சீட்டு இருக்கிறது, இன்னும் பின்தொடர்கிறார், ஆகவே சமரசம் வேண்டாம் என்று. நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஆனால், சமரசரிடம் முதல் வார்த்தையே இதைச் சொல்லுங்கள். ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடாது, வேறு வேறு நேரத்தில் வரச் சொல்லுங்கள், நான் முதலில் கிளம்பிப் போக அரை மணி நேரம் கழித்து அவரை அனுப்புங்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் சமரசராக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தி, கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அதைவிட அவசரம், பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பது. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், உங்கள் பக்கம் வரக்கூடாது என்று. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181. இன்றைக்கே ஒரு தோழியிடம் சொல்லி வையுங்கள், பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி: மேடம், சமரச மையத்தில் எல்லாம் பேசி முடித்து, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தும் ஆகிவிட்டது. பையனுக்கு மாதம் 12,000 என்று எழுதினோம். மூன்று மாதம் போட்டார், அப்புறம் நிறுத்திவிட்டார். அவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் பேசினோம்?
வாசகி, சேலம்

பதில்: அவ்வளவுதான் என்று விடாதீர்கள். உங்கள் ஒப்பந்தம் நீதிமன்ற உத்தரவில் சேர்ந்திருந்தால் அது வெறும் காகிதம் இல்லை. தீர்ப்பின் நகலை எடுத்து, ஒப்பந்தம் அதன் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறைவேற்று மனு. அவருக்கு மாதச் சம்பளம் என்றால் சம்பளத்திலேயே கை வைக்கலாம். சாதாரணக் கடனை விட ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சட்டம் கூடுதல் பலம் தருகிறது, மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்தைத்தான் அவருக்கு என்று காப்பாற்றி வைக்கிறது, மீதியிலிருந்து பிடிக்க வழி உண்டு. ஒருவேளை தொகை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின் கீழ், அதாவது அதற்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவின் கீழ் உத்தரவாகியிருந்தால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்ற அதிகாரமும் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். 'தருவார், பார்க்கலாம்' என்று காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய.

மனுப் போடும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஏன் நிறுத்தினார்? வேலை போய்விட்டதா, வேறு கல்யாணம் ஆனதா, அல்லது பையனைப் பார்க்க விடவில்லை என்ற கோபமா? வேலை போனது உண்மை என்றால் தொகையைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்து, வேலை கிடைத்ததும் பாக்கியைச் சேர்த்துக் கட்டுவது என்று திரும்ப அதே சமரச மையத்தில் பேசலாம், அப்படிப் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. பையன் வளர வளர செலவு கூடும் என்பதால் தொகையை உயர்த்திக் கேட்கவும் வழி உண்டு, பிள்ளைக்கான பராமரிப்பும் பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு தடவை எழுதியதோடு முடிந்துபோகிற விஷயங்கள் இல்லை. 'இனி பிள்ளைக்கு எதுவும் கேட்க மாட்டேன்' என்று அம்மா எழுதிக் கொடுத்திருந்தாலும் பிள்ளையின் உரிமை போகாது.

புதிதாக ஒப்பந்தம் எழுதப் போகிறவர்களுக்கும் உங்கள் கடிதம் உதவும், அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி உண்டு, 2017இல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு தகுந்த காரணம் இருந்தால் அதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யவும் செய்கிறது. அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மொத்தத் தொகை பேசியிருந்தால், முதல் மனுவின்போது ஒரு பங்கு, இரண்டாவது மனுவின்போது ஒரு பங்கு, வரதட்சணைக் கொடுமை வழக்கு ஏதாவது இருந்தால் அது உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும் அன்று மீதி என்று பிரித்து எழுதுவதுதான் நடைமுறை. டிமாண்ட் டிராஃப்ட் எண்ணோடு எழுதுங்கள். மாதத் தொகை என்றால் எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், தவறினால் என்ன, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கூடும் என்பதையும் எழுதுங்கள். கையில் ரொக்கமாக வாங்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது, வங்கிப் பாஸ்புக்கில் அந்த மூன்று வரவுகளையும் அடையாளம் போட்டு, நான்காவது மாதத்தின் தேதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரமே வக்கீலைப் போய்ப் பாருங்கள். வக்கீல் மாறிவிட்டார் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு, அதே வளாகத்தில்தான் இருக்கும்.